பழைய கீபோர்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்



"சார், இந்த வயசுல இவ்வளவு நீளமா எப்படி டைப் பண்றீங்க?" என்று பலரும் கேட்கிறீர்கள். காரணம், என் பழைய டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. முன்பு வங்கிக் கவுண்டரில் டக் டக்கென்று சத்தம் கேட்குமே, அதேதான். ஒவ்வொரு விசைக்கடியிலும் தனி ஸ்பிரிங். அழுத்தியது விரலுக்குத் தெரியும். லேப்டாப்பின் தட்டை விசைகளில் என் நடுங்கும் விரலுக்கு அது தெரிவதில்லை.

அதன் முனை வட்டமானது, ஆறு ஊசி. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த பி.எஸ்.2 வகை. இன்றைய லேப்டாப்பில் யுஎஸ்பிதான். இரண்டும் பேசும் பாஷை வேறு. முனையை மட்டும் மாற்றும் அடாப்டர் பல பழைய கீபோர்டுகளுக்கு உதவாது. நடுவில் மொழிபெயர்க்க, உள்ளே சிப் உள்ள 'ஆக்டிவ் கன்வெர்ட்டர்' வேண்டும். கடையில் அப்படியே கேளுங்கள்.

தமிழ் எழுத்தைத் தருவது கணினியிலுள்ள மென்பொருள். என்எச்எம் ரைட்டரில் தமிழ்99-உம் உண்டு, பழைய தட்டச்சு முறையும் உண்டு. இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சு படித்த கைகள் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், துடைத்து அப்பா அம்மாவுக்கு மாட்டிக் கொடுங்கள். அவர்களுக்கும் எழுத நிறைய இருக்கும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து,
உங்கள் ஆசிரியர்