ஒரு நேயர் போதும்

வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஒரு பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பேருக்கு இது பிடிக்கும் என்பதுதான். முதல் சில விநாடிகளில் மனத்தைப் பிடிக்காவிட்டால் நேயர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். எங்கள் தொழிலின் பாலபாடம் இது.

அந்தப் பாடத்துக்கு நேர் எதிராக வாழ்ந்த ஓர் இசைக்குழுவை எனக்கு நெடுநாளாகப் பிடிக்கும். அதன் பெயர் அமெபிக்ஸ்.

ஊடகத்துறையில் பட்டம் படித்த நாள்களில் உடன் படித்த நண்பர் ஒருவர்தான் அவர்களுடைய ‘அரைஸ்!’ ஆல்பத்தைத் தந்தார். “பாதியில் நிறுத்திவிடாதே” என்று ஒரு நிபந்தனையும் போட்டார். முதல் உருப்படியில் குரலே இல்லை. தூரத்தில் மழை திரண்டு வருவதுபோல் மெல்ல மெல்ல இசை கனக்கிறது. அதற்குப் பிறகுதான் கித்தாரும் டிரம்ஸும் பாய்கின்றன. பாடுபவரின் குரல், தொண்டையில் சரளைக்கல் உருள்வது போன்றது. இனிமை என்று எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை.

இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் 1978இல் தொடங்கிய குழு இது. ராப் மில்லர் பேஸ் கித்தார் வாசித்துப் பாடினார். அவருடைய சகோதரர் ஸ்டிக் கித்தார் வாசித்தார். போர் எதிர்ப்புப் பாடல்களுக்குப் பெயர்பெற்ற கிராஸ் என்ற பங்க் குழு வெளியிட்ட தொகுப்பில் இவர்களின் ஆரம்பகாலப் பதிவு ஒன்று இடம்பெற்றது. பிறகு பிரிஸ்டல் நகருக்குப் போய், ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் குடியேறி, வறுமையோடு காலம் தள்ளினார்கள்.

அப்போது பங்க் ரசிகர்களும் மெட்டல் ரசிகர்களும் ஒருவரையொருவர் மதிக்காத காலம். அமெபிக்ஸ் இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றியது. பங்க் இசையின் கோபம், மோட்டர்ஹெட் குழுவின் முரட்டு வேகம், கில்லிங் ஜோக் குழுவின் இருட்டு எல்லாம் அதில் கலந்தன. அழுக்கேறிய அந்த ஒலிக்கு ‘கிரஸ்ட் பங்க்’ என்ற பெயர் பிறகுதான் நிலைத்தது. 1985இல் ‘அரைஸ்!’, 1987இல் ‘மோனோலித்’. அதோடு குழு கலைந்தது. ராப் மில்லர் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போய் வாள் செய்யும் கொல்லரானார்.

கணக்குப்படி பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த இசை கேசட்டில் பிரதியெடுக்கப்பட்டு, கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. அமெரிக்காவின் நியூரோசிஸ் குழு அதிலிருந்து தன் கனத்தைப் பெற்றது. பிரேசிலின் செபுல்டுரா குழுவைத் தொடங்கிய மேக்ஸ் கவலேராவும் அமெபிக்ஸை மதிப்புடன் குறிப்பிடுபவர்.

எனக்கு மிகவும் பிடித்த நேயர் ராய் மயோர்கா. நியூயார்க்கின் நாசியா என்ற கிரஸ்ட் குழுவில் டிரம்ஸ் வாசித்து, பின்னர் ஸ்டோன் சவர் என்ற பெரிய குழு வரை போனவர். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் சகோதரர்கள் மீண்டும் சேர்ந்தபோது டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தவர் அவர்தான். 2011இல் வந்த ‘சோனிக் மாஸ்’ ஆல்பத்தில் அவர் கை கேட்கிறது. கேட்டு வளர்ந்தவரே வாசிக்க வந்துவிட்டார். எந்தக் கருத்துக்கணிப்பிலும் இப்படிப்பட்ட ஒரு நேயரைக் காட்ட முடியாது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2019இல், மில்லரின் அடுத்த குழுவான டாவ் கிராஸின் புதிய ஆல்பத்தில் இருந்த நன்றிப் பட்டியலில், நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையை மறுத்து நூல் எழுதிய ஒருவரின் பெயர் இருந்தது. ஆல்பத்தை வெளியிடவிருந்த நிறுவனம் அதைக் கைவிட்டது. உடன் வாசித்தவர்களும் விலகினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வலித்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அதிகாரத்துக்கும் கொடுமைக்கும் எதிராக நிற்கச் சொல்லி வளர்ந்த இசை வட்டம் அது. அந்த வட்டத்து ரசிகர்கள் பலர், தாங்கள் நேசித்த மனிதரிடமே கணக்குக் கேட்டார்கள். கற்றுக்கொண்டதை ஆசிரியருக்கும் பொருத்திப் பார்த்த மாணவர்கள் அவர்கள். அமெபிக்ஸின் செல்வாக்கு என்று நான் இப்போது நினைப்பது அவர்களைத்தான்.

‘அரைஸ்!’ இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. முன்புபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில்லை. நேயர் எண்ணிக்கை அறிக்கை மேசைக்கு வரும் நாள்களில் மட்டும், யாராவது ஒருவர் இன்று எதையாவது முழுதாகக் கேட்டிருப்பாரா என்று அந்த எண்களுக்குள் தேடிப் பார்க்கிறேன்.