ஒரு பக்கம் ஆரோன், மறு பக்கம் ஊர்

தியானப் பகுதி: யாத்திராகமம் 17:8-13, எண்ணாகமம் 11:10-17



அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில் மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நின்றார். கைகள் உயர்ந்திருந்தபோது யோசுவாவின் சேனை முன்னேறியது, தாழ்ந்தபோது பின்வாங்கியது. மோசேக்கு அப்போது வயது ஏறத்தாழ 80. நேரம் செல்லச்செல்ல அவருடைய கைகள் தளர்ந்தன. அந்தத் தளர்ச்சியை வேதம் குற்றமாகச் சொல்லவில்லை. விசுவாசக் குறைவு என்றும் எழுதவில்லை. எவ்வளவு பக்தியுள்ளவரின் கையானாலும், நாள் முழுவதும் தூக்கிப் பிடித்தால் அது தாழத்தான் செய்யும்.

படுக்கையிலிருக்கும் பெற்றோரையோ, பக்கவாதத்தில் விழுந்த துணையையோ, மறதிநோயில் உங்கள் பெயரையே மறந்துவிட்ட மாமியாரையோ பராமரித்துக்கொண்டிருக்கிற உங்களை நினைத்தே இந்த வாரம் இப்பகுதியைத் தியானித்தேன்.

எங்கள் சபையில் ஒரு தாயார் இருக்கிறார். கணவர் பக்கவாதத்தால் படுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். வீட்டுக்கு வருகிற அனைவரும், "ஐயா எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார்கள், ஜெபிப்பார்கள், "உங்கள் பொறுமைக்குப் பரலோகத்தில் பெரிய பலன் உண்டம்மா" என்று சொல்லி விடைபெறுவார்கள். ஒருநாள் ஜெபம் முடிந்து நாங்கள் எழுந்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, யாராவது ஒருவர் அரை மணி நேரம் இவர் பக்கத்தில் இருந்தால், நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்துவிடுவேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். பரலோகத்தின் பலனைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை. பூமியில் அரை மணி நேரம்தான் அவருக்குக் கிடைக்காமலிருந்தது.

இப்போது மலையுச்சிக்குத் திரும்புவோம். உடனிருந்தவர்கள் முதலில் செய்தது என்ன? ஒரு கல்லைக் கொண்டுவந்து மோசேயை உட்காரவைத்தார்கள். "இன்னும் சற்று உறுதியாக நில்லுங்கள்" என்று புத்தி சொல்லவில்லை. பின்பு இருவரும் இருபக்கமும் நின்று, சூரியன் மறையும்வரை அவருடைய கைகளைத் தாங்கினார்கள். ஒருவர், உடன்பிறந்தவராகிய ஆரோன். மற்றவருடைய பெயர் நம்முடைய வேதாகமத்தில் "ஊர்" என்றே இருக்கிறது. அந்த எபிரெயப் பெயருக்கும் நம் தமிழ்ச் சொல்லுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் அங்கே நின்றுவிடுகிறது. ஒரு கையை உடன்பிறப்பு தாங்க வேண்டும். மறு கையை ஊர் தாங்க வேண்டும். நம் வீடுகளிலோ பெரும்பாலும் ஒரு மகளோ ஒரு மருமகளோ தனியாக இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். மற்றவர்கள் கீழே நின்று பாராட்டுகிறோம்.

பராமரிக்கிறவர்களே, உங்களில் சிலர் என்னிடம் தனியே சொல்லி அழுத ஒன்றையும் இங்கே பேசியாக வேண்டும். "ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று சில இரவுகளில் மனம் கதறுகிறது, விடிந்ததும் "நான் இவ்வளவு கொடியவளா?" என்று உங்களையே வதைத்துக்கொள்கிறீர்கள். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் மோசேயும், இந்தச் சுமையைத் தனியாகச் சுமக்க முடியாது, அதைவிட என்னைக் கொன்றுபோடும் என்றே தேவனிடம் முறையிட்டார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்களைக் கொடுத்தார். களைத்துப்போனவனின் ஜெபத்துக்குத் தேவன் தந்த பதில் ஆட்கள்! ஆகவே, உதவியை ஏற்றுக்கொள்வது அன்பில் குறைவுபடுவதன்று.

ஆகையால் சில காரியங்களைச் சொல்லுகிறேன். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "வியாழக்கிழமை மருந்து வாங்கி வாருங்கள்", "மூன்று மணி முதல் ஐந்து மணி வரை உட்காருங்கள்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, நேரம், மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அப்போதுதான் இன்னொருவர் உங்கள் இடத்தில் அமர முடியும். படுக்கைப் புண் வராதிருக்க 2 மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். இரவிலும் அதை ஒருவரே செய்தால் உறக்கம் என்பதே இராது. இரவை இருவராகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உங்களுடைய சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இந்த மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவிக்கு 14567, மனச்சோர்வுக்கு 14416 ஆகிய எண்களில் பேசலாம்.

தூரத்திலிருக்கும் பிள்ளைகளே, பணம் அனுப்புவது நல்லது. ஆண்டில் 10 நாள் நேரில் வந்து அந்த இரவுகளை நீங்கள் ஏற்பது அதைவிட நல்லது. தொலைபேசியில் ஆலோசனை சொல்லுமுன், "நீ தூங்கினாயா?" என்று கேளுங்கள்.

சபையாரே, கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் கேரளத்தின் பல ஊர்களில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, படுக்கையிலிருப்போரின் வீடுகளுக்குச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. அங்கே ஊர் ஒரு கையைத் தாங்குகிறது. நம்மாலும் கூடும். அந்தத் தாயாரின் வீட்டுக்கு எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாரம் இருமுறை பிற்பகலில் முறைவைத்துச் செல்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அவர் வீட்டைவிட்டு நகரவில்லை. பக்கத்து அறையிலேயே காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வாரம் மருத்துவரிடம் சென்றார். இரத்த அழுத்தம் 180. இன்னும் சில மாதங்கள் தாமதித்திருந்தால், அந்த வீட்டில் இரண்டு படுக்கைகள் இருந்திருக்கக்கூடும்.

இந்த வாரம் உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், ஜெபித்துவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். நோயாளியைக் குறித்துக் கேட்டபின், பராமரிக்கிறவரின் பெயரைச் சொல்லி, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பின்பு ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் குறித்துக்கொடுத்துவிட்டு வாருங்கள். அதுவே நீங்கள் கொண்டுபோய் வைக்கும் கல்.

ஜெபம்: சோர்ந்த கைகளை அறிந்திருக்கிற ஆண்டவரே, இந்த இரவு விழித்திருக்கும் உமது பிள்ளைகளுக்கு உறக்கத்தைத் தாரும். அவர்களுக்கு அருகே நிற்க எங்களை எழுப்பும். ஆமென்.