அரணையிடம் ஒரு மன்னிப்பு

சென்ற மாதம் காலை நிகழ்ச்சியில், பழமொழி பற்றிப் பேசும்போது "அரணை கடித்தால் மரணம்" என்று மைக்கில் சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் ஒரு நேயர் அழைத்தார்.

"நீங்க சொன்னதைக் கேட்டு, தோட்டத்துல இருந்த ரெண்டையும் வீட்டுக்காரர் அடிச்சிட்டாரு தம்பி. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி விளம்பரத்துக்குப் போனேன். வேறென்ன சொல்ல?

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் படிக்க உட்கார்ந்தேன். மலாய்க்காரர்கள் மெங்காருங் என்று சொல்லும் நம் அரணைக்கு விஷமே இல்லையாம். கையில் பிடித்தால் கடிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். துரத்தினால் வாலை அறுத்துப் போட்டுவிட்டு ஓடும், வால் மறுபடி முளைக்கும். நம் வீட்டுப் பக்கம் அதிகம் தென்படும் இந்த வகை, முட்டையிடாமல் குட்டி போடுகிறது. அதனால் நாம் ஒன்றை அடித்தால் போவது ஒன்றுதானா என்பதும் சந்தேகம்தான்.

மறதிக்காரர்களை 'அரணைப் புத்தி' என்கிறோமே, அது கடிக்க வந்து பாதி வழியில் மறந்துவிடுமாம். எனக்கென்னவோ, யாரும் சாகவில்லை என்பதைச் சமாளிக்கத்தான் அந்த மறதிக் கதையைக் கட்டினோம் என்று படுகிறது.

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்புறம் நாலு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு கறிவேப்பிலை. வெயில் ஏறும் நேரத்தில் பூந்தொட்டிக்கு அடியிலிருந்து ஒன்று வெளியே வரும். வெண்கல முதுகு, விலாவில் செம்மஞ்சள். சிமெண்டில் படுத்து உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் வேட்டை. நான் பார்த்திருக்கும்போதே இலையைக் கடித்த வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு போனது. கரப்பான், சில்வண்டு, சிலந்தி எல்லாம் அதற்குச் சாப்பாடு, செடியைத் தொடுவதில்லை. அது ஒன்றே தோட்டத்தைக் காப்பாற்றிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பூச்சிமருந்து அடித்தால் அதன் இரையும் போகும், அதுவும் போகலாம்.

அம்மா இன்னும் துடைப்பத்தைக் கதவோரம்தான் வைத்திருக்கிறார். "அது மறக்கும்டா, நான் மறக்கமாட்டேன்" என்கிறார். மகள்தான் காவல்.

போன திங்கட்கிழமை நான் சொன்னது தப்பு என்று அதே மைக்கில் சொன்னேன். தோட்டம் வைத்திருக்கும் பலர் அழைத்துப் பேசினார்கள். அந்த அம்மா மட்டும் இன்னும் அழைக்கவில்லை.