அந்தச் சிவப்பு நிலாவை எடுத்தது யார்?



செப்டம்பர் 7 ஆம் திகதி இரவு நாங்கள் இங்கே போட்ட சிவப்பு நிலாப் படத்தைப் பலரும் பகிர்ந்திருந்தீர்கள். ஜஸாகல்லாஹு ஹைர். கீழே வந்த கேள்விகள் மூன்று வகை. எந்த ஃபோன்? எந்த எப்? இன்டர்நெட்டில எடுத்ததா?

யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. "சேர் எடுத்த படம்" என்று நீங்களாகவே எழுதிவிட்டீர்கள். நாங்களும் "எடுத்தோம்" என்று மட்டும் எழுதி, பேசாமல் இருந்துவிட்டோம். பிழை எங்களுடையது. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வானத்தைப் படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

தொடக்கம் 2022. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்கள். பிறகு நோன்பு வந்தது. ஒரு இரவு தராவீஹ் முடிந்து கடற்கரையில் நின்றபோது ஊரே இருட்டு. வடக்கே கல்முனைப் பக்கமும் இருட்டு. தெற்கே தென்சிலுவை நாலு புள்ளியாகத் தெளிவாக நின்றது. அதற்கு மேலால் மெல்லிய புகை மாதிரி பால்வீதி. பதினொராம் தரப் பையன் ஒருவர் ஃபோனைத் தூக்கி நாலைந்து முறை அமத்திப் பார்த்தார். கறுப்பைத் தவிர ஒன்றும் விழவில்லை.

"இத போட்டோ எடுக்கேலாதா சேர்?"

பதில் தெரியவில்லை. கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கப் பயின்றோம். வானத்தைப் பார்க்கப் பயிலவில்லை. அன்று தொடங்கியதுதான் எங்கள் குழு. இரண்டு ஆசிரியர்கள், ஏழெட்டுப் பிள்ளைகள்.

முதலில் கிடைத்தது ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கமெரா. கலியாண வீடுகளில் படம் எடுத்த ஒருவர் தொழிலை விட்டபோது தவணை முறையில் தந்தார். கூடவே 18–55 மில்லிமீற்றர் வில்லையும் ஒரு முக்காலியும். வானத்தைப் படம் எடுக்க அதுவே போதும் என்பதை ஏழெட்டு இரவுகள் கெடுத்த பிறகுதான் விளங்கிக்கொண்டோம்.

எங்கள் முதல் படங்களில் நட்சத்திரம் எல்லாம் கோடு கோடாக இருந்தது. பூமி சுற்றுகிறது, கமெரா பூமியில் நிற்கிறது, 30 செக்கன் திறந்து வைத்தால் புள்ளி கோடாகத்தான் ஆகும். இதற்கு ஒரு இலேசான கணக்கு இருக்கிறது. 500 ஐ வில்லையின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். எங்கள் கமெராவின் உணரி சிறியது என்பதால் 18 ஐ முதலில் 1.6 ஆல் பெருக்க வேண்டும். வரும் விடை ஏறத்தாழ 17. அதற்கு மேல் செக்கன் போகக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 1600 இலிருந்து 3200 வரை, துவாரம் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு.

கோடு போனது. மங்கல் வந்தது. இருட்டில் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. கையால்தான் செய்ய வேண்டும். திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பி, அந்த இடத்திலேயே வளையத்தை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். பொத்தானை அமத்தும்போது கை ஆடும். ஆகவே 2 செக்கன் டைமர். படத்தை ஜேபெக்கில் அல்லாமல் ரோ வடிவில் சேமிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகு 2023 இல்தான் பால்வீதி எங்கள் படத்தில் விழுந்தது.

2022 இல் கேள்வி கேட்ட அந்தப் பையன் இப்போது கத்தாரில். போன வருடம் அங்கிருந்து பணம் அனுப்பினார். "சேர், டெலஸ்கோப் ஒண்டு வாங்குங்க" என்று. வாங்கினோம், பிழையாக. பெட்டியில் "525 மடங்கு" என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினோம். உண்மையில் தொலைகாட்டியில் பார்க்க வேண்டியது எத்தனை மடங்கு என்பதை அல்ல, வாய் எவ்வளவு அகலம் என்பதை. வாயின் மில்லிமீற்றரை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியாகப் பார்க்கக்கூடிய ஆகக் கூடிய மடங்கு. எங்களுடையது 76 மில்லிமீற்றர் தெறி தொலைகாட்டி. ஆகவே ஏறத்தாழ 150. மிச்சமெல்லாம் பெட்டியில் மட்டும்தான்.

அதிலும் பெரிய வயிற்றெரிச்சல், கமெராவைப் பொருத்தினால் நிலா தெளியவே இல்லை. குழாயை முழுவதும் உள்ளே தள்ளியும் மங்கல். நாலு இரவு கடற்கரையில் மல்லுக்கட்டினோம். ஆளுக்காள் ஒரு காரணம் சொன்னோம். கண்ணாடி பழுது, கமெரா பழுது, உப்புக் காற்று.

இந்த இடத்தில்தான் அந்தப் பிள்ளை வருகிறார்.

குழுவில் மூன்று பெண் பிள்ளைகள். ஆனால் கடற்கரைக்கு இரவில் ஒரு நாளும் வந்ததில்லை. வரவும் முடியாது. வாப்பா விடமாட்டார், ஊர் விடாது. அந்த ஒழுங்கை நாங்களும் ஒரு கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தோம். இரவில் நாங்கள் எடுத்ததைக் காலையில் வகுப்பில் காட்டுவோம். அவர்கள் பார்த்துவிட்டு, கணக்கு இருந்தால் செய்து தருவார்கள். மேலே சொன்ன 17 செக்கனையும் அட்டவணையாக எழுதித் தந்தது இந்தப் பிள்ளைதான். பதினொராம் தரம்.

நாங்கள் மங்கல் கதையைச் சொன்னதும் கொப்பியில் கதிர்ப்படம் ஒன்று கீறினார். ஒளியியல் பாடத்தில் நாங்கள் படிப்பித்ததுதான். "சேர், விம்பம் குழாய்க்கு வெளியில கொஞ்சம்தான் வருது. கமெராக்குள்ள உணரி நாலு சென்ரிமீற்றருக்கு மேல உள்ளுக்கு இரிக்கி. அவ்வளவு தூரம் விம்பம் எட்டாது. கண்ணாடியில பழுது இல்ல."

தொலைகாட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத பிள்ளை சொன்னது அது. இரண்டு மடங்கு பார்லோ வில்லை ஒன்று இடையில் போட்டால் விம்பம் வெளியே தள்ளி விழும் என்று தேடிப் பிடித்தோம். அப்படிப் போட்டால் 700 மில்லிமீற்றர் குவியத்தூரம் 1400 ஆகும். அதை 109 ஆல் வகுத்தால் உணரியில் விழும் நிலாவின் அகலம், ஏறத்தாழ 13 மில்லிமீற்றர். எங்கள் உணரியின் உயரம் 15. "சரியா அடங்கும் சேர்" என்றார். அடங்கியது. அன்றைக்குத்தான் நிலாவின் குழிகளை முதன்முதல் படத்தில் பார்த்தோம். அவர் மறுநாள் பார்த்தார்.

செப்டம்பர் கிரகணம் நெருங்கியபோது அவர் ஒன்று கேட்டார். "சேர், இதையும் நாங்க அடுத்த நாள்தான் பாக்கணுமா?"

கேள்வி சின்னது. மூன்று வருடமாக எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே என்பதுதான் பெரிது.

கடற்கரையை விட்டுப் பாடசாலை மைதானத்துக்கு மாறினோம். அதிபர் அனுமதி தந்தார். டீச்சர் வீடு வீடாகப் போய் உம்மாமாரை அழைத்தார். அந்தப் பிள்ளையின் வாப்பா மட்டும் இலேசில் இணங்கவில்லை. "பரீட்சை வருது, இந்த நேரத்தில நிலாவப் பாத்து என்ன?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில், "நானும் வாறன், கேட்டுக்கிட்ட நிக்கிறன்" என்றார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரவு முழுக்க அங்கேயே நின்றார்.

போயா நாள். நிலா நேர் தலைக்கு மேலே. இது படத்துக்கு நல்லது, கழுத்துக்குக் கூடாது. குழாய் முக்காலியின் காலில் முட்டியது. பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வேலை செய்தோம். 9.57 க்கு நிலாவின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. பத்தேகாலுக்குப் பள்ளியில் கிரகணத் தொழுகை. ஆண்கள் எல்லோரும் போனோம். போகும்போது கமெராவைப் பெண் பிள்ளைகளிடம் கொடுத்தோம். அவர்கள் உம்மாமாருடன் பிறகு மண்டபத்தில் தொழுவதாக ஒழுங்கு. ஐ.எஸ்.ஓ. 200, செக்கனில் 80 இல் ஒரு பங்கு என்று தொடங்கி, நிழல் ஏற ஏற நேரத்தைக் கூட்டிக் கூட்டி அவர்கள் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் தெளிவு.

தொழுதுவிட்டு வந்ததும் நாங்கள் என்ன செய்தோம்? கமெராவைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஒருவரும் யோசிக்கவில்லை. வழக்கம்.

11 மணிக்கு முழு நிலாவும் நிழலுக்குள் போய்ச் செம்பு நிறமானது. திரையில் இருட்டு. நேரத்தைக் கூட்டினோம், நிலா இழுபட்டது. குறைத்தோம், கறுப்பு. 82 நிமிடம் நீடிக்கும் கிரகணத்தில் 25 நிமிடம் இப்படியே போனது. எங்களில் சம்பளம் வாங்குகிறவர்தான் பிடிவாதமாக நின்றார். பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல்.

"சேர், ஒண்டு சொல்லட்டா?"

"சொல்லுங்க மகள்."

"தொலைகாட்டியக் கழட்டுங்க. 1400 இல அஞ்சு செக்கன் திறந்தா நிலா அரை மில்லிமீற்றர் நகரும். 250 வில்லையப் போட்டா அரைச் செக்கன் போதும். நிலா சின்னதா வரும், ஆனா அசையாது."

கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். பத்து நாளைக்கு முன்பே செய்த கணக்கு. ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்கத் தேவையில்லை. நாங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

கழற்றினோம். இரவல் வாங்கி வந்திருந்த 250 மில்லிமீற்றர் வில்லையைப் போட்டு, கமெராவை அவர் கையில் கொடுத்தோம். ஐ.எஸ்.ஓ. 3200, அரைச் செக்கன், துவாரம் 5.6. 11.40 அளவில் பதினாறு படங்கள் எடுத்தார். வீட்டுக்குப் போய் டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற இலவச மென்பொருள் பற்றித் தேடிப் பார்த்து, அது நட்சத்திரங்களுக்குத்தான் பொருந்தும் என்று விட்டுவிட்டு, பதினாறையும் கையாலேயே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினோம். பதினாறை அடுக்கினால் இரைச்சல் நாலில் ஒன்றாகும், 16 இன் வர்க்கமூலம் 4. அதுதான் நீங்கள் பகிர்ந்த படம்.

பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். மதிக்கிறோம். ஆனால் "சேர் எடுத்தது" என்பதை ஏற்க முடியாது. பதினொராம் தரப் பெண் பிள்ளை ஒருவர் எடுத்தது.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாக:

தொலைகாட்டியை முதலில் வாங்காதீர்கள். பழைய கமெராவும் ஆடாத முக்காலியும் போதும். ஃபோன் மட்டும் இருந்தால் அதை முக்காலியில் வைத்து, கையேட்டு முறையில் பழகுங்கள்.

முதலில் நிலா. முழு நிலவை விட அரை நிலவில்தான் குழிகளின் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்.

உப்புக் காற்று வில்லையைத் தின்னும். நாங்கள் கமெராவைக் காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பக்கெற்றுகளுடன் வைக்கிறோம்.

வட்டைப் பக்கம் இருட்டு நல்லதுதான். யானையும் இருக்கிறது. தனியே போகாதீர்கள்.

பகலில் தொலைகாட்டியையோ கமெராவையோ சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம். ஒரு கணத்தில் கண் போய்விடும்.

இன்னொன்று. இனி ஒவ்வொரு மாதமும் அரை நிலவு இரவில் இஷாவுக்குப் பிறகு தொலைகாட்டி பாடசாலை மைதானத்தில் இருக்கும். கடற்கரையில் அல்ல. உம்மாமாருடன் பெண் பிள்ளைகள் வரலாம். கமெரா அவர்கள் கையிலும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

இங்கிருந்து அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. அதற்குள் அந்தப் பிள்ளை உயர்தரம் எழுதி முடித்திருக்க வேண்டும். எந்தப் பிரிவு என்று அவருடைய வாப்பாவிடம் நாங்கள் இன்னும் கேட்கவில்லை. எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவு இல்லை. அதற்கு ஊரை விட்டு பஸ்ஸில் போய்வர வேண்டும். வாப்பாவுக்கு அது யோசனையாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்று இரவு ஒன்றரை மணிக்கு எல்லாம் முடிந்து, சாமான்களைக் கட்டும்போது அவர் கேட்டை விட்டு உள்ளே வந்தார். கமெராத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "இது என்ன கணக்கு புள்ள, எனக்கும் சொல்லு" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமல், தள்ளிக்கொண்டே நடந்து போனார்கள்.