மெக்ரிட்சி காட்டில் கடைசி ஆள்

மக்களே, ரெண்டு வாரமா ஆளைக் காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்க. இருந்தாலும் சொல்லிடறேன். ஆபீஸ்ல ஆணி அதிகம். அது போக, முட்டி வீங்கிப் போய் கிடந்தேன். காரணம், ஐயா ஒரு ஓட்டப் பந்தயத்துல கலந்துக்கிட்டார். சிரிக்காதீங்க. ஓடலை, நடந்தேன் :-)

எல்லாம் சர்க்கரை பண்ற வேலை. வயசு 52. "தினமும் நடங்க"ன்னு டாக்டர் சொன்னதை தங்கமணி வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. நம்ம ஆபீஸ் தம்பி ஒருத்தன், "அண்ணே, மெக்ரிட்சியில ட்ரெயில் ரேஸ் இருக்கு. 11 கிலோமீட்டர்தான். ரெண்டரை மணி நேரம் டைம். நடந்தே முடிச்சிடலாம்"னு உசுப்பேத்தி என் பேரையும் சேர்த்துட்டான்.

சிங்கப்பூர் நண்பர்களுக்கு மெக்ரிட்சி தெரியும். மத்தவங்களுக்கு ரெண்டு வரி. 1868ல் கட்டி முடிச்ச நீர்த்தேக்கம், இந்த ஊர்லயே பழையது. சுத்தி அடர்த்தியான காடு. 2004ல் திறந்த 250 மீட்டர் தொங்கு பாலம் ஒண்ணு உண்டு. டூரிஸ்ட்டுங்க எல்லாம் அதுக்குத்தான் வருவாங்க. எங்க பாதை அதுல போகலை. எங்களுக்கு வாய்ச்சது மண்ணு, சேறு, கல்லு, அப்புறம் வேர். மரத்தோட வேரெல்லாம் பாதை குறுக்க நரம்பு மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கும். கண்ணைத் தரையை விட்டு எடுத்தா மூக்கு காலி.

காலையில ஏழரைக்குக் கிளப்பி விட்டாங்க. அஞ்சே நிமிஷம், மொத்தக் கூட்டமும் மாயம். ரொம்ப செங்குத்தான மேட்டுல ஜெயிக்கிறவங்களே நடந்துதான் ஏறுவாங்கன்னு தம்பி சொல்லியிருந்தான். ஆனா அவங்க ஏறினதும் ஓடறாங்க. நான் ஏறினதும் மூச்சு வாங்க நின்னேன். அதான் வித்தியாசம். பாதை ஓரத்துல உக்காந்திருந்த குரங்கு ஒண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. "உனக்கு இது தேவையா?"ன்னு கேட்ட மாதிரியே இருந்தது.

மூணாவது கிலோமீட்டர்ல பின்னாடி காலடிச் சத்தம். வழி விடலாம்னு ஒதுங்கி நின்னேன். சத்தமும் நின்னுடுச்சு. திரும்பிப் பார்த்தா, ஆரஞ்சு கலர் ஜாக்கெட் போட்ட ஒரு சீனப் பெரியவர். அறுபத்தஞ்சு வயசு இருக்கும். கையில ஒரு பை. மரத்துல கட்டியிருந்த ரிப்பனை எல்லாம் அவிழ்த்து அவிழ்த்து அதுல போட்டுக்கிட்டிருந்தார்.

அப்பத்தான் விஷயம் புரிஞ்சுது. அவர்தான் ஸ்வீப்பர். காட்டுப் பந்தயத்துல கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒருத்தர் வருவார். யாரும் வழி தவறிடக் கூடாது, விழுந்து கிடக்கக் கூடாதுன்னு பார்த்துக்கறது அவர் பொறுப்பு. வழி காட்டற ரிப்பனை அவிழ்க்கறதும் அவர்தான். அவர் கடந்து போனாத்தான் அங்கங்க நிக்கற தன்னார்வலர்கள் வீட்டுக்குக் கிளம்பலாம்.

அதாவது, கடைசி ஆள் நான். என் முட்டியை நம்பி பத்து இருபது பேரோட ஞாயித்துக்கிழமை பசியாறல் காத்துக்கிட்டிருக்கு!

நம்புங்க மக்களே, மெதுவா நடக்கறது கூட கஷ்டமா இல்லை. நமக்காக மத்தவங்க காத்திருக்காங்கங்கிற நினைப்பு இருக்கே, அதுதான் கொல்லுது. ஏழாவது கிலோமீட்டர் தண்ணிப் பந்தல்ல ஒரு சின்னப் பொண்ணு. எல்லாத்தையும் பெட்டியில கட்டி வச்சிட்டு, எனக்காக ஒரே ஒரு கப் மட்டும் வெளியில வச்சிருந்துச்சு. "சாரிம்மா, சாரிம்மா"ன்னு நாலு தடவை சொல்லியிருப்பேன்.

அங்க இருந்து கிளம்பினதும் பெரியவர்கிட்ட சொன்னேன், "அங்கிள், நீங்க முன்னாடி போங்க. எனக்கு வழி தெரியும், நான் மெதுவா வந்துடறேன்."

அவர் சிரிச்சார். "முடியாது லா. உனக்குப் பின்னாடி வர்றதுதான் என் வேலை. நீ எப்படி நடந்தாலும் சரி."

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

1998. பழனி. அப்ப ரோப் கார் கிடையாது. விஞ்ச் வரிசை அனுமார் வால் மாதிரி இருந்தது. "படியிலயே போயிடலாம்மா"ன்னு சொன்னது நான்தான். யானைப் பாதை சரிவா இருக்கும், அம்மாவுக்கு சுலபம். அதுவும் சுத்துன்னு வேணாம்னுட்டேன். எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு கூட இல்லை, விறுவிறுன்னு ஏறிடுவேன். மேல நின்னுக்கிட்டு, "என்னம்மா, சீக்கிரம் வாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு கத்துவேன். அம்மா நெருங்கி வந்ததும் நான் மறுபடி கிளம்பிடுவேன். அதாவது, நான் நின்னு இளைப்பாறினேன். அவங்களுக்கு அது கிடைக்கவே இல்லை. இது அன்னைக்கு எனக்கு உறைக்கலை.

பாதி மலையில ஒரு மண்டபத்துல உக்காந்துட்டாங்க. "நீ போய் சாமி பாத்துட்டு வாப்பா. நான் இங்கயே இருக்கேன்"னாங்க.

நான் போனேன். பாத்துட்டு, பஞ்சாமிர்தமும் வாங்கிக்கிட்டு இறங்கி வந்தேன். அம்மா மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு என்கூட இறங்கினாங்க. ஒரு வார்த்தை சொல்லலை. அதுக்கப்புறம் பழனி போக அவங்களுக்கு வாய்க்கலை. 2019ல் போய்ச் சேர்ந்துட்டாங்க.

"நீங்க முன்னாடி போங்க"ன்னு நான் சொன்னதும், "முடியாது லா"ன்னு ஒரு முன்பின் தெரியாத மனுஷன் சொல்றார். நான் பெத்த தாய்கிட்ட அதைச் சொல்லலை. ரிப்பன் அவிழ்க்கற சாக்குல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். அங்க இருந்து கடைசி வரைக்கும் இந்தப் பக்க ரிப்பன் எனக்கு, அந்தப் பக்க ரிப்பன் அவருக்கு. அதுக்கப்புறம் "சாரி" சொல்லவும் தோணலை.

வந்து சேர்ந்தப்ப மணி 10:11. கெடு முடிஞ்சு 11 நிமிஷம். காத்தடிச்ச வளைவைப் படுக்கப் போட்டுட்டாங்க. ரிசல்ட்ல என் பேர் இல்லை. பதக்கம் மட்டும் ஒருத்தர் அட்டைப் பெட்டியில தேடி எடுத்துக் கொடுத்தார். பெரியவர் கடைசியா உள்ள வந்து, "பாத்தியா, நான்தான் லாஸ்ட்"னார்.

வீட்டுக்கு வந்து, இந்தக் கடைசி ஆளுங்களைப் பத்தித் தேடினேன். அமெரிக்காவுல வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்னு 100 மைல் காட்டு ஓட்டம். 30 மணி நேரம் கெடு. 2015ல் கன்ஹில்ட் ஸ்வான்சன்னு 70 வயசு அம்மா, கெடு முடிய 6 செகண்ட் இருக்கறப்ப எல்லையைத் தொட்டிருக்காங்க. அந்த வருஷம் ஜெயிச்ச ராப் க்ரார், எப்பவோ முடிச்சிட்ட மனுஷன், ரப்பர் செருப்போட கடைசித் தூரம் அவங்க கூடவே ஓடி வந்திருக்கார். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு அங்க "பொன்னான நேரம்"னு பேராம். ஜெயிச்சவரைப் பாக்கறதை விட இதைப் பாக்கக் கூட்டம் நிக்குமாம்.

போன ஞாயிறு தேக்கா மார்க்கெட் போனோம். வழக்கமா நான் பத்தடி முன்னாடி போய், திரும்பி முறைப்பேன். இந்தத் தடவை பக்கத்துலயே நடந்தேன். தங்கமணி ஒரு மாதிரியா பார்த்துட்டு, "என்னங்க, முட்டி இன்னும் வலிக்குதா?"ன்னாங்க.

ஆமான்னு சொல்லிட்டேன்.

டிஸ்கி: துவைக்கப் போட்ட பேன்ட் பாக்கெட்ல மூணு ரிப்பன் இருந்துச்சாம். "குப்பையில போட்டுடட்டுமா?"ன்னு கேட்டாங்க. வேணாம்னு எடுத்து வச்சிருக்கேன். அடுத்த வருஷம் போறப்ப பெரியவர்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்.