தொட்டிலும் பத்திரமும்

பிறநாட்டுக் குழந்தையை மகவேற்க விழையும் தம்பதியரின் ஆயத்தம் தொட்டில் வாங்குவதோடு முடிவதன்று. வருமானம், உடல்நலம், இல்லறம் யாவும் விசாரிக்கப்படும். வீட்டையும் வந்து பார்ப்பர். கொடுப்பவளைப் பற்றி அவ்வாறு விசாரித்தவர் யார் என்பதே என் மனத்தை உறுத்தும் வினா. 1980களில் நமது நாட்டிலிருந்து நெதர்லாந்துக்குச் சென்ற குழந்தைகள் சிலரது பத்திரங்களில் தாயெனக் கையொப்பமிட்டவள் பெற்றவள் அல்லள், கூலிக்கு நடித்தவள். 2021 பெப்ரவரியில் அந்நாட்டு விசாரணைக்குழு இத்தகைய முறைகேடுகளையும், அவற்றை அறிந்தும் அரசு வாளாவிருந்ததையும் வெளிப்படுத்தவே, வெளிநாட்டு மகவேற்பு இடைநிறுத்தப்பட்டது. குழந்தைக்கு ஏங்கிய தம்பதியரை நான் குற்றங்கூறேன், வாளாவிருந்தோரையே கூறுவேன். வளர்ந்த பிள்ளைகள் சிலர் பெற்றவளைத் தேடி இங்கு வருகின்றனர், அப்பொய்ப் பெயரைத் தாங்கிய பத்திரத்துடன்.