குருத்துக்குள் ஒரு திருடன்

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் அந்தப் பெரியவருக்கு மூன்று ஏக்கர். எல்லாம் மானாவாரி. புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளம் விதைத்தால் தை மாதத்தில் கதிர் ஒடிக்கலாம். கோழித் தீவனத்துக்கு வாங்கும் வியாபாரி களத்துக்கே வந்துவிடுவார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் பாதி அப்படித்தான் அடைந்தது.

2018-ல் அந்தக் கணக்கு தப்பியது.

பயிர் முழங்கால் உயரம் வந்திருந்தது. இலையெல்லாம் ஓட்டை. குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு புழு. கடையில் கொடுத்த மருந்தை அடித்தார். பத்து நாள் கழித்து வேறொன்றை அடித்தார். மருந்து இலையோடு வழிந்து போனது. புழுவோ தன் எச்சத்தையே மூடியாக வைத்துக்கொண்டு குருத்துக்குள் பத்திரமாக இருந்தது. அந்தத் தையில் கதிர் ஒடிக்கும் கூலிக்குக்கூடத் தேறவில்லை.

அதன் பெயர் படைப்புழு. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் கண்டுபிடித்தார்கள். சில மாதங்களிலேயே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரைகூடப் பறக்கும். புல் இனம் என்றால் அதற்கு உயிர். மக்காச்சோளம், சோளம், நெல், கரும்பு எல்லாமே புல் குடும்பம்தானே!

மறு வருஷம் காட்டைத் தரிசாகப் போட்டுவிடலாம் என்றார் பெரியவர். வீட்டம்மா விடவில்லை. "சும்மா கெடந்தா கடன் தானா அடைஞ்சிருமா? என்ன பண்ணணும்னு கேட்டுட்டு வாங்க" என்று வேளாண்மைத் துறைக் கூட்டத்துக்கு அனுப்பி வைத்தார்.

அங்கேதான் திருடனின் ஜாதகம் கிடைத்தது. இலையில் கூட்டமாக இடும் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும். புழுவாக இரண்டு மூன்று வாரம். பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு. நம் ஊர் வெயிலுக்குச் சுமார் முப்பது நாளில் அடுத்த அந்துப்பூச்சி தயார். ஒரு தாய் ஆயிரத்துக்கும் மேல் முட்டை இடும். ஆனால் பொரித்த முதல் சில நாள் குஞ்சுப் புழுக்கள் இலையின் மேலேயே சுரண்டித் தின்னும். பிடிக்க வேண்டியது அப்போதுதான். குருத்துக்குள் நுழைந்துவிட்டால் கஷ்டம்.

பெரியவர் கோடையிலேயே ஆழ உழுதார். மேலே வந்த கூட்டுப்புழுக்களை மைனாவும் கொக்கும் பார்த்துக்கொண்டன. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டார். வரப்போரம் தட்டப்பயறும் எள்ளும் விதைத்தார். முளைத்த ஒரு வாரத்திலிருந்து தினமும் காலையில் சால் சாலாக நடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டாவது படிக்கும் பேத்தியும் கூட வந்தாள்.

"தாத்தா, இங்க பாருங்க. இலையில பஞ்சு ஒட்டியிருக்கு."

"பஞ்சு இல்ல தாயி. அதுதான் முட்டை. தாய்ப்பூச்சி தன் ரோமத்தப் போட்டு மூடி வச்சிருக்கு. நசுக்கிப் போடு."

அன்றைக்கு அவள் மட்டும் பதினொன்று எடுத்தாள். தப்பிய ஒரு புழுவையும் கண்டுபிடித்தாள். தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளி. செல்போனில் படம் எடுத்து, தெருவில் எல்லோரிடமும் காட்டினாள். புழு இருந்த குருத்துகளில் ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து, வீட்டம்மா பொறுமையாகத் தூவிக்கொண்டே வந்தார்.

அந்த வருஷம் முழு விளைச்சல் இல்லை. முக்கால்வாசி வந்தது. வட்டி கட்டியது போக, பேத்திக்குப் பொங்கலுக்குப் பாவாடை சட்டை எடுக்க முடிந்தது.

இப்போதும் புரட்டாசி வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் முதலில் எழுந்து தாத்தாவை எழுப்புகிறாள்.